பதினாறு வயதில் ஓர் அட்டை

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பையில் பேனையோடும் அனுமதி அட்டையோடும் இன்னொன்றும் இருக்க வேண்டும்: தேசிய அடையாள அட்டை. வாக்களிக்கும் வயது வராத, வாகனம் ஓட்டும் உரிமை இல்லாத ஒரு பிள்ளையை அதன் சொந்தப் படத்தோடும் சொந்த இலக்கத்தோடும் அரசாங்கம் முதன்முதலாக ஏற்றுக்கொள்வது அந்த அட்டையில்தான்.

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கையில் அது தொலைந்துபோனால் வீடு என்ன பாடுபடும் என்பது வடக்கிலும் தெற்கிலும் மலையகத்திலும் பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். தகப்பன் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கப் போவார். தாய் கிராம அலுவலரைத் தேடிப் போவார். பாடசாலை அதிபரைக் காண வேண்டும், பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க வேண்டும், ஸ்ரூடியோவில் படம் பிடிக்க வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைப் பிள்ளை தனியே போய் முடிக்க இயலாது. தான் யார் என்று அது சொன்னால் போதாது; அதற்காகச் சொல்ல, அரசு நம்பக்கூடிய ஒரு பெரியவர் வேண்டும். அட்டையைத் திரும்பப் பெறுவது என்பது எப்போதும் சாட்சிகளைத் தேடும் வேலையாகவே இருந்திருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் வரலாற்றில் அந்தச் சாட்சிகளும் அவர்கள் வைத்திருந்த பதிவேடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமற்போன காலங்கள் உண்டு.

தேசிய அட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே, தமிழர்களில் ஒரு பகுதியினர் அடையாளத் துண்டோடுதான் இந்தத் தீவுக்குள் கால்வைத்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு கொடுக்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகரத் தகடு அது. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்து, கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி, கடைசியில் எந்தத் தோட்டத்தில் இறக்க வேண்டும் என்பதை அந்தத் தகடு சொல்லும். பயணச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தகட்டில் தொழிலாளியின் பெயர் இல்லை. தோட்டத்தின் அடையாளமே இருந்தது.

தோட்டத்துக்குள் போன பிறகு வேறொரு தாள் அவர்களைக் கட்டிப்போட்டது. அதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரை, அதாவது அத்தியட்சகர், எழுதிக் கொடுத்த துண்டு வேண்டும். ஆட்களைத் திரட்டி மேய்த்த கங்காணியிடம் பட்ட கடன் அதில் ஏறி நிற்கும். அது இல்லாதவருக்கு வேறெங்கும் வேலை இல்லை. 1921இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் தொழிலாளி யார் என்பதற்குத் துரையின் கையெழுத்தே சாட்சி என்ற பழக்கம் அதோடு ஒழியவில்லை. பின்னால் வரும் கதையில் அந்தக் கையெழுத்தை மறுபடியும் காண்போம்.

நாட்டு மக்கள் எல்லோருக்கும், கைக்குழந்தை வரை, ஆளுக்கொரு புத்தகம் என்று முதலில் வந்தது அரிசிக் கூப்பன். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு தொடங்கியது. பெரியவருக்கு ஓர் அளவு, பிள்ளைக்கு ஓர் அளவு. ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கூப்பன் புத்தகங்களே சொல்லின. அதைத் தொலைத்தால் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் போய் நிற்க வேண்டும். அவர் அந்தக் குடும்பத்தை மூன்று தலைமுறையாக அறிந்தவராக இருப்பார். அவருடைய வாயில் வரும் வார்த்தையே பத்திரம். 1963இல் அந்தப் பழைய தலைமைக்காரர் முறை நீக்கப்பட்டு, கிராம சேவகர் என்ற சம்பளக்கார உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் அவரை விதானையார் என்றுதான் சொல்வார்கள். பதவியின் பெயர் பின்னர் கிராம அலுவலர் என்றும் ஆனது. ஆனால் ஒரு பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளைதானா என்று சொல்லும் பொறுப்பு அதே கதிரையில்தான் இருந்தது.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு புதிய அட்டையைக் கொண்டுவந்தது. அட்டைகள் மக்களின் கைக்கு வரத் தொடங்கியது 1972இல். இடையில் நாடு மாறியிருந்தது. 1971 ஏப்ரலில் இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் முதல் கிளர்ச்சி நடந்து அடக்கப்பட்டது. 1972 மே மாதம் புதிய அரசியலமைப்போடு சிலோன் இலங்கைக் குடியரசானது. இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி ஒன்றைக் கண்டு முடித்த அரசு, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பதிந்துவைக்க விரும்பிய வேளையில் அந்த அட்டை பிறந்தது.

அந்த அட்டையின் இலக்கத்தை ஆக்கிய விதம் கவனிக்கத் தக்கது. ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பையனுக்கு 001, பெண்ணுக்கு 501. ஆக, இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளையின் வயதும் அது ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அட்டை தொலைந்தாலும் இலக்கம் தொலைவதில்லை. இணைப்பிரதியிலும் அதே இலக்கம்தான் வரும். முதல் தடவை கொடுத்த விண்ணப்பமும் படமும் கொழும்பில் ஆட்பதிவுத் திணைக்களத்தின் கோப்பில் கிடக்கும். இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கோப்பைத் திறக்கும் சாவி கையில் இருக்கிறது என்று பொருள். பிற்காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியமாயிற்று என்பதை 1972இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நெடுங்காலம் 16 வயதே அட்டைக்குரிய வயது. பள்ளிப் பிள்ளையின் விண்ணப்பம் அதிபர் வழியாகப் போகும். பாடசாலையை விட்ட பிள்ளைக்குக் கிராம அலுவலர் உறுதிப்படுத்துவார். தோட்டத்துப் பிள்ளைக்கு உறுதிப்படுத்தும் அதிகாரம் தோட்ட அத்தியட்சகருக்கும் உண்டு. துண்டில் கையெழுத்திட்ட அதே துரையின் கதிரை! நூறு ஆண்டுகளில் நாடு சுதந்திரம் பெற்று, குடியரசாகி, தோட்டங்கள் தேசியமயமாகி, மறுபடியும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போய்விட்டன. லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த பிள்ளை யார் என்று உலகத்துக்குச் சொல்லும் கையெழுத்து மட்டும் பங்களாவிலிருந்து வரும் வழி அடைபடவில்லை. நல்ல துரைமார் பலர் அந்த வேலையை நேர்மையாகச் செய்தார்கள் என்பதும் உண்மை. ஆயினும் சம்பளம் கொடுப்பவரே சாட்சியாகவும் இருப்பது ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு நியாயமான ஏற்பாடு அல்ல.

மலையகப் பிள்ளையின் சிக்கல் கையெழுத்துக்கும் முன்னால் தொடங்குகிறது. தேசிய அடையாள அட்டை குடிமக்களுக்கு மட்டும் உரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் வம்சாவளியால் குடிமகன் என்று காட்டத் தகப்பன் இலங்கையில் பிறந்ததையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததையோ நிரூபிக்கச் சொன்னது. நாட்டில் பிறப்புகளைப் பதியும் சட்டமே 1867இல்தான் வந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பத்திரம் எங்கே கிடைக்கும்? சட்டத்தின் ஒரே வாக்கியத்தில் பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரைப் பத்து ஆண்டு கழித்து இரு நாடுகளும் பாதி பாதியாக எடுத்துக்கொள்ள உடன்பட்டன. ஒப்பந்தம் தாளில் முடிந்தது. மனிதர்களின் நிலை முடியவில்லை. 1972க்குப் பின் அட்டைக்குரிய வயதை எட்டிய எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளை வாங்கிய அட்டையைக் கேட்கும் தகுதியே இருக்கவில்லை. தொலைப்பதற்குக்கூட அவர்களிடம் ஒன்றும் இல்லை. 1986, 1988 ஆண்டுகளின் சட்டங்கள் கதவைச் சிறிது சிறிதாகத் திறந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்துவரும் நாடற்றவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் உதவியோடு நடந்த இயக்கத்தில் பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் குடிமக்களானார்கள்.

குடியுரிமை வந்த பிறகும் அட்டை வந்து சேர நாளாயிற்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர். தமிழ்ப் பெயரைத் தமிழ் தெரியாத பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும், குறைந்திருக்கும். இரண்டு தாள்களும் ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அப்படிப் போராடி வாங்கிய அட்டையும் வடகிழக்குக்கு வெளியே சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஹட்டனிலோ பதுளையிலோ வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தன் சொந்த அட்டையில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க வழி இல்லை. பிழை இருந்தால் அது பரீட்சை மண்டபத்திலோ வேலைக்குப் போன இடத்திலோதான் வெளிப்படும். இப்படி ஒரு முறை நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2014இல்தான் நாடு முழுவதற்கும் இரு மொழி அட்டை வந்தது.

வடகிழக்கில் நிலைமை வேறு. அங்கே கொடுக்கப்பட்ட அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. மொழியுரிமை என்ற வகையில் அது நியாயம். ஆனால் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் வந்ததும் அந்தத் தமிழ் எழுத்தே அட்டைக்காரர் எந்தப் பகுதியிலிருந்து வந்தவர் என்பதைச் சோதனைச் சாவடியில் நிற்பவருக்குச் சொல்லிக் கொடுத்தது. மறுபக்கத்தில் பிறந்த இடமும் விலாசமும் இருந்தன. கொழும்பில் பல ஆண்டு வாழ்ந்து சிங்களம் சரளமாகப் பேசும் இளைஞனாக இருந்தாலும், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தப்படுவான்.

1983இல் போர் தொடங்கியதற்குப் பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளில் பதின்ம வயதுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அட்டை பரீட்சைக்கான பொருளாக மட்டும் இருக்கவில்லை. ரியூஷனுக்குப் போக, பஸ் ஏற, கடைக்குப் போக, மாமா வீட்டில் ஓர் இரவு தங்க அது வேண்டியிருந்தது. கொழும்பில் தமிழ் வீடுகளும் விடுதிகளும் தங்கியிருப்போரின் விவரத்தைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம் இருந்தது. அட்டையோடு அந்தப் பதிவின் பிரதி, பாடசாலைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினார்கள் தாய்மார். அட்டை வயது வராத பிள்ளைகள் தபால் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் கொண்டு திரிந்தார்கள். பதினைந்து வயதில் உயரமாக வளர்ந்த பையனே வீட்டுக்குப் பெரிய கவலை. தோற்றத்தில் இருபது, கையில் அட்டை இல்லை, இன்னும் வயது வரவில்லை என்று சொன்னால் நம்புவார் யார்?

அந்நாளில் அட்டையைத் தொலைப்பதன் கொடுமை இன்னொன்று. முறைப்பாடு கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அட்டை இல்லாமல் அங்கே போவது எப்படி? வழியில் சோதனைச் சாவடி இருக்கும். நிலையத்தின் வாசலிலும் அட்டை கேட்பார்கள். ஆகவே பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, அயலிலுள்ள முதியவர் ஒருவரையோ தெரிந்த சிங்களக் குடும்பத்தையோ கூட்டிக்கொண்டு பெற்றோர் போவார்கள். முறைப்பாட்டின் பிரதி கையில் வந்த பிறகே பிள்ளை தெருவில் இறங்கும். இணைப்பிரதி வரும்வரை அந்த ஒற்றைத் தாளே அதற்கு அட்டை.

வன்னியில் சிக்கல் இன்னும் பின்னலானது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த நிலப்பகுதியிலும் அரசாங்கத்தின் மாவட்டச் செயலகமான கச்சேரி இயங்கியது. கிராம அலுவலர்களும் அதிபர்களும் ஆசிரியர்களும் கொழும்பிலிருந்து வரும் சம்பளத்தில் வேலை செய்தார்கள். சாதாரண தரப் பரீட்சையும் அங்கே நடந்தது. ஆகவே ஒரு கிளிநொச்சிப் பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பம் அரசாங்க அதிபரின் அலுவலகம் வழியாக, ஓமந்தைச் சாவடியைத் தாண்டி, கொழும்புக்குப் போய், அட்டையாக அதே வழியில் திரும்பி வரவேண்டும். பாதை மூடப்படும் போதெல்லாம் அட்டைகளும் நின்றுவிடும். வயதைக் காட்டும் தாளுக்கு அங்கே வேறொரு கனமும் இருந்தது. புலிகள் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். யுனிசெப் பல ஆண்டுகள் அவர்களோடு அதற்காக வாதாடியது. ஒரு பிள்ளையின் பிறந்த திகதி அதன் உயிரோடு கட்டுண்டு கிடந்த ஊர் அது.

வவுனியாவுக்கு இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தேசிய அட்டை இருந்தும் போதவில்லை. அங்கே 1990களில் பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று நிறம் நிறமாகச் சீட்டுகள். முகாமில் இருப்பவர் நகரத்துக்குள் போய் வரவும் வேலை தேடவும் அதுவே அனுமதி. 2002இல் சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். நாட்டின் குடிமக்களிடம் நாட்டுக்குள் நடமாடப் பாஸ் கேட்பது அவர்களுடைய உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகாமில் வாழ்ந்த ஒருவர் அத்தனை தடைகளையும் தாண்டி அந்தத் தீர்ப்பைப் பெற்றார் என்பது இன்றும் வணங்கத் தக்க செயல்.

அட்டையால் அல்லல்பட்டவர்கள் தமிழர் மட்டும் அல்லர். 1988, 1989 ஆண்டுகளில் தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி நடந்தபோது, தேர்தலைத் தடுக்க விரும்பிய ஆயுதக் குழுவினர் கிராமங்களில் வீடு வீடாகப் போய் அடையாள அட்டைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். கொடுக்காவிட்டால் அவர்களால் ஆபத்து. கொடுத்துவிட்டால் இராணுவத்தின் சோதனையில் ஆபத்து. சிங்களக் கிராமத்து இளைஞர்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

2004 டிசெம்பர் 26 காலை ஒரே நாளில் கரையோரத்தின் பத்திரங்கள் எல்லாம் கடலோடு போயின. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சுனாமி, மீந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணப் பதிவு, காணி உறுதி எதையும் விட்டுவைக்கவில்லை. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவுக் கரைகளில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். நிவாரணம் கேட்கப் பெயர் வேண்டும். பெயருக்குப் பத்திரம் வேண்டும். பத்திரத்துக்குச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய அயல் முழுவதும் போய்விட்டிருந்தது. அப்போதுதான் நடமாடும் சேவை என்ற ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தாரும் ஆட்பதிவுத் திணைக்களத்தாரும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் ஒரே பாடசாலைக் கட்டடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஐந்து கந்தோர்களில் அலைந்து முடிக்க வேண்டிய வேலை ஒரு மண்டபத்தில் மேசைக்கு மேசை நகர்ந்தது. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் இதற்குக் கைகொடுத்தன. பிறப்பு எங்கும் பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழியும் இருந்தது. மக்கள் அரசிடம் நடப்பதற்குப் பதிலாக அரசு மக்களிடம் நடந்துவந்த அந்த முறை, எந்தச் சட்டத் திருத்தத்தையும்விடக் கூடுதலான பிள்ளைகளுக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஐந்தே ஆண்டில் அதைவிடப் பெரிய இழப்பு வந்தது. 2009இன் முதல் மாதங்களில் வன்னி மக்கள் ஊரிலிருந்து ஊருக்கு, பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்கு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் வந்து நின்றார்கள். வீட்டுச் சாமானை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்கள். கடைசிவரை கைவிடாதது பத்திரப் பை. பலரிடம் அதுவும் கடைசியில் இல்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ 280,000 பேர் அடைக்கப்பட்டபோது, தன் பெயரைத் தன் வாயால் சொல்வதைத் தவிர வேறு சான்று இல்லாத பிள்ளைகள் அவர்களுக்குள் இருந்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாடு மிக முக்கியமானது. பதினேழு வயதுப் பிள்ளை அட்டையை இழந்து, இலக்கம் நினைவில் இருந்தால், கொழும்புக் கோப்பில் அதன் படமும் விவரமும் இருந்தன. மீட்பது கடினம், ஆனால் முடியும். போரின் நடுவில் பதினாறு வயதான பிள்ளைக்கு அப்படி ஒரு கோப்பே பிறக்கவில்லை. அதற்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டிய அதிபர் இடம்பெயர்ந்திருந்தார், அல்லது இறந்திருந்தார். பாடசாலை இடாப்பு எரிந்துபோயிற்று. கிராம அலுவலர் எந்த முகாமில் இருக்கிறார் என்று தேட வேண்டும். பிறப்புப் பதிவேட்டின் மறுபிரதி கொழும்புக்குப் போகும் வழக்கம் இருந்ததால் சிலருக்கு அது கைகொடுத்தது. சண்டைக் காலத்தில் பிறந்து பதியப்படாமலே வளர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. முகாமில் மறுபடியும் நடமாடும் சேவை வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகப் பாட்டிமாரும் மாமன்மாரும், சில சமயம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஆசிரியர்களும் சாட்சி சொன்னார்கள். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் மரணப் பதிவு எடுக்கவென்று 2010இல் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டமும் வந்தது. தகப்பன் இறந்தார் என்ற பத்திரத்தை வாங்கினால்தான் உதவிப்பணம், உரிமைமாற்றம் எல்லாம் நகரும் என்று பல வீடுகளுக்குச் சொல்லப்பட்டது. தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிய தாய் அதில் கையெழுத்திட மறுத்தார். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

போருக்குப் பின் அட்டையும் மாறத் தொடங்கியது. 2014இன் இருமொழி அட்டையை அடுத்து, இலக்கம் பன்னிரண்டாக நீண்டது. பிறந்த ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் வந்தது. 2016ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின் அட்டைக்குரிய வயது 15 ஆகக் குறைந்தது. இது வெறும் ஓராண்டுக் கணக்கு அல்ல. பதினாறு நிரம்ப முன்பே சாதாரண தரப் பரீட்சைக்குப் போக நேர்ந்த பிள்ளைகள் முன்னெல்லாம் தபால் அடையாள அட்டைக்கு அலைந்தார்கள். அந்த இடைவெளி அடைபட்டது. 2017 ஒக்டோபரில் பழைய லமினேட் அட்டைக்குப் பதிலாகப் புதிய பிளாஸ்ரிக் அட்டை வந்தது. படம் பதிவுபெற்ற ஸ்ரூடியோவிலிருந்து கணினி வழியாகவே திணைக்களத்துக்குப் போகிறது. அட்டை கிடைக்கப் பிந்திய பரீட்சார்த்திகளுக்கு விவரத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கொடுக்கப்படுகிறது. பரீட்சை நெருங்கினால் அதற்காகவே அலுவலகத்தைச் சனிக்கிழமையும் திறக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒருநாள் சேவை வேண்டுமானால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுமார் 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரவேண்டும். தலைமை அலுவலகம் இப்போது பத்தரமுல்ல சுஹுருபாயவில் இருக்கிறது. வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியா போன்ற இடங்களில் கிளை அலுவலகங்கள் வந்ததால் பயணத்தின் பாரம் குறைந்தது.

காசின் பாரம் குறையவில்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022 நவம்பரில் கட்டணங்கள் இரட்டிப்பாயின. முதல் அட்டைக்கு 200 ரூபா. தொலைந்த அட்டையின் இணைப்பிரதிக்கு 1,000 ரூபா. அந்த ஆண்டில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமும் 1,000 ரூபாதான். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் கிடைத்த சம்பளம் அது. அப்போது பிள்ளை அட்டையைத் தொலைத்திருந்தால் தாயின் ஒரு நாள் உழைப்பு முழுவதும் கட்டணமாகப் போயிருக்கும். பொலிஸுக்கும் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைவதால் கொழுந்து பறிக்கப் போகாத நாட்களின் சம்பளமும் போயிருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் கவனக்குறைவுக்கு இவ்வளவு விலை வைப்பது தகாது. பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு முதல் இணைப்பிரதியைக் கட்டணமின்றிக் கொடுத்தால் திறைசேரி வறண்டுவிடாது.

இப்போது இந்தியாவின் நிதியுதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் ஒன்று தயாராகிறது. விரல் ரேகையும் கண்ணும் முகமும் பதியப்பட்டுவிட்டால், அட்டை தொலைந்த பிள்ளை விரலை வைத்தே தான் யார் என்று காட்டலாம். பொலிஸ் முறைப்பாடும் அதிபரின் கடிதமும் அத்தியட்சகரின் ஒப்பமும் ஒருவேளை தேவைப்படாமற்போகும். ஆனால் விரல் ரேகையோடு சேர்த்துப் பதியப்படும் பெயரும் பிறந்த திகதியும் பழைய பிறப்புப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்கப்படும். லிந்துலையிலும் மஸ்கெலியாவிலும் தவறாக எழுதப்பட்ட பெயர்கள், முல்லைத்தீவில் எழுதப்படாமலே விடப்பட்ட பிறப்புகள் எல்லாம் திட்டம் தொடங்குவதற்கு முன்பே திருத்தப்பட வேண்டியவை. அதற்குச் செய்ய வேண்டியது என்ன என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத காரியம் அல்ல. 2005இல் கரையோரப் பாடசாலைகளிலும் 2009க்குப் பின் செட்டிகுளத்திலும் மேசை போட்டு உட்கார்ந்த உத்தியோகத்தர்களில் பலர் இன்னும் சேவையில் இருக்கக்கூடும்.